புயலுக்கு முன்னும் பின்னும்: டெல்டா ஆரம்ப சுகாதார நிலையத்தை அளந்து பார்ப்பது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை தன் உறுப்பு நாடுகளின் சுகாதார நிலை அறிக்கைகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு நாட்டிடமும் அவை கேட்பது மூன்று கேள்விகள்: சிகிச்சை பலன் தருகிறதா, எல்லோருக்கும் எட்டுகிறதா, அடி விழுந்தால் தாங்குமா? தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திடமும் இவற்றைக் கேட்கலாம். அளவுகோலை மட்டும் நம் ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

ஏனென்றால், அங்கே முதன்மையான அளவு 75 வயதுக்குள் நேர்ந்த, தக்க சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள். கோடிக்கணக்கான மக்கள் உள்ள நாட்டுக்கு அது பொருந்தும். ஆண்டுக்கு 400 பிரசவம் நடக்கும் ஒரு பகுதியில், லட்சம் பிரசவத்துக்கு 50 என்ற தாய்மரண விகிதத்தில் கணக்குப் போட்டால் ஐந்து ஆண்டுக்கு ஒரு மரணம்தான் வரும். நான்கு ஆண்டு பூஜ்யம், அடுத்த ஆண்டு ஒன்று. அதில் முன்னேற்றமும் தெரியாது, சரிவும் தெரியாது. சிறிய இடத்தில் மரணத்தை எண்ணாமல் அன்றாட வேலையை எண்ணுங்கள். மூன்று அளவு போதும்.

முதலாவது, பிரஷர் கட்டுப்பாடு. பதிவேட்டில் உள்ள நோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்தக் காலாண்டின் கடைசி வருகையில் 140/90-க்குக் கீழ் இருந்தது? தவறு நடப்பது வகுக்கும் எண்ணில். 600 பேர் பதிவு, 420 பேர் வந்தார்கள், 300 பேருக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று வையுங்கள். வந்தவர்களை வைத்து வகுத்தால் 71 சதவீதம். பதிந்தவர்களை வைத்து வகுத்தால் 50. இரண்டாவதுதான் உண்மைக் கணக்கு. வராத 180 பேரும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் என்றே கொள்ள வேண்டும். நடவுக்கும் அறுவடைக்கும் போனவர்கள் அந்த 180-இல்தான் இருப்பார்கள். வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலும் அதுவே.

இரண்டாவது, மருந்து தீர்ந்திருந்த நாட்கள். அம்லோடிபின், மெட்ஃபார்மின், ஓ.ஆர்.எஸ்., ஆக்ஸிடோசின், மெக்னீசியம் சல்ஃபேட், பாம்புக்கடி மருந்து என்று பத்துப் பன்னிரண்டு பெயர் எழுதி, மாதம் முதல் தேதி கையால் எண்ணுங்கள். கணினியில் உள்ள இருப்பை நகலெடுப்பது எண்ணுவதாகாது. தேவையைக் கணக்கிடும்போது மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிடுங்கள். 90 நாளில் 5,400 மாத்திரை செலவாகி, அதில் 18 நாள் இருப்பே இல்லையென்றால், தினத் தேவை 60 அல்ல. 5,400-ஐ 72-ஆல் வகுக்க 75. இதைக் கவனிக்காமல் கேட்புப் பட்டியல் அனுப்பினால், பற்றாக்குறையே அடுத்த காலாண்டின் அளவாகிவிடும். பாம்புக்கடி மருந்து ஒரு நோயாளிக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை போகும். ஆகவே பத்துக் குப்பி இருப்பு என்பது ஒரே ஒருவருக்கான இருப்பு. வயல் வேலை தொடங்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

மூன்றாவது, தடுப்பூசிக் குளிர்பெட்டி. 2 முதல் 8 டிகிரி, ஞாயிறு உட்பட நாளுக்கு இருமுறை குறிப்பு. மாதம் முழுக்க 4, 4, 4 என்று ஒரே எண் இருந்தால், மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது என்று பொருள். வெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவேலன்ட் உறைந்தாலும் வீண்தான்.

இனித் தாங்குதிறன். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள்: ஆயத்தம், அடி தொடங்குவதை உணர்தல், சமாளித்தல், மீண்டு கற்றுக்கொள்தல். நம் பக்கம் சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில். கடலோரத்துக்குப் புயல் எச்சரிக்கை போதும். கொள்ளிடக் கரையில் நாதல்படுகை, முதலைமேடு போன்ற ஊர்களுக்கு அது உதவாது. உள்ளூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேட்டூர் அணையின் உபரி நீர் வந்து வீட்டுக்குள் நிற்கும்; 2018, 2022 ஆகஸ்டில் அப்படித்தான். அந்த ஊர்களுக்குப் பொறுப்பான செவிலியர் கவனிக்க வேண்டியது வானிலைச் செய்தியை அல்ல, மேட்டூரிலும், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலும் திறக்கப்படும் நீரின் கன அடியை.

எச்சரிக்கை வந்த அன்றே கையில் இருக்க வேண்டியவை: அடுத்த இரண்டு வாரத்தில் பிரசவத் தேதி உள்ள கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள். பெயர், தெரு, துணைக்கு வருபவரின் கைபேசி எண், எல்லாம் காகிதத்தில். டவர் விழுந்தபின் கைபேசியில் உள்ள பட்டியலால் பயனில்லை. கர்ப்பிணிகளைப் பாதை அடைபடும் முன்னே மருத்துவமனைக்கு மாற்றுங்கள். பிரஷர், சுகர் மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். அதற்கான கூடுதல் இருப்பைச் செப்டம்பருக்குள் வாங்கியிருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது: டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, பீடம் பழைய வெள்ளக் குறிக்கு மேலே இருக்கிறதா, கடைசியாக முழுச் சுமையில் ஓட்டியது எப்போது?

புயலுக்குப்பின் வரைபடம் போடுங்கள். புறநோயாளி வருகை, பிரசவம், மாத்திரை வாங்கியவர்கள் ஆகிய மூன்று கோடுகளையும், புயலுக்கு நான்கு வாரம் முன்பிருந்து பன்னிரண்டு வாரம் பின்வரை வாரவாரியாகப் போட வேண்டும். எவ்வளவு ஆழம் விழுந்தது, பழைய நிலைக்கு எத்தனை வாரம் ஆனது என்ற இரண்டு எண்தான் தேவை. ஒப்பிடுவது முந்தைய மாதத்தோடு அல்ல, முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு. தீபாவளி வாரம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதைத் தனியாகக் குறித்துவிடுங்கள். புறநோயாளி கோடு சட்டென்று ஏறிவிடும், காய்ச்சலும் வெட்டுக்காயமும் வருவதால். மாத்திரைக் கோடு மெல்லத்தான் ஏறும். அதை வைத்தே மீட்சியை முடிவு செய்யுங்கள்.

இந்த எண்களைக் கொண்டு வட்டாரங்களுக்குத் தரவரிசை போடும் ஆசை வரும். உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் 191 நாடுகளைத் தரவரிசைப்படுத்தி, பிரான்ஸை முதலிடத்தில் வைத்தது. முறையைப் பற்றிக் கடும் விமர்சனம் எழ, அப்படியொரு பட்டியலை அது திரும்பப் போடவில்லை. வரிசையில் கடைசி என்று பெயர் வாங்கப் பயந்தால், குளிர்பெட்டிக் குறிப்பில் மறுபடி 4, 4, 4 வந்துவிடும். ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சென்ற ஆண்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.