குறிப்புச்சட்டகத்தை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குச் சிதையாமல் மாற்றுவது எப்படி?

வொர்க்ஃப்ளோயி போன்ற செயலியில் ஒரு கட்டுரையின் குறிப்புச்சட்டகத்தை (தலைப்புகளும் அவற்றின் கீழ் வரும் குறிப்புகளுமாக அமைந்த வரைவை) பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டு, எழுத உட்காரும்போது அதை கூகுள் டாக்ஸில் ஒட்டினால், தலைப்பு எது, அதன் கீழ் வரும் குறிப்பு எது என்ற வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு செயலியும் படிநிலையைத் தனக்கே உரிய முறையில் சேமிப்பதே இதற்குக் காரணம். அந்தப் படிநிலையை எழுத்தோடு எழுத்தாக, வெறும் குறிகளால் எழுதிவிட்டால் அது எங்கும் செல்லும். இதற்குப் பரவலாகப் பயன்படுவது, ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் முறை.

படி 1: வெளியே எடுத்தல்

வொர்க்ஃப்ளோயியின் ஏற்றுமதி வசதியில் வெற்று உரை என்பதைத் தேர்ந்தெடுத்து, கிடைப்பதை நோட்பேடில் ஒட்டுங்கள். சேமிக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். இல்லையெனில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: குறியிடுதல்

எது தலைப்பு, எது குறிப்பு என்பதை எந்தச் செயலியும் உங்களுக்காகத் தீர்மானிக்காது என்பதால், இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். காவிரிப் பாசனம் பற்றிய ஒரு சட்டகம் இப்படி அமையும்:

```
# காவிரிப் பாசனம்

## கல்லணை

- கரிகாலன் பற்றிய மரபு
- ஆர்தர் காட்டன் காலப் பணிகள்

## மேட்டூர் அணை

- 1934இல் கட்டி முடிக்கப்பட்டது
    - வழக்கமான நீர் திறப்பு: ஜூன் 12
```

ஹேஷ் (#) குறிகளின் எண்ணிக்கையே தலைப்பின் நிலை. ஆறு நிலைகள் வரை போகலாம் என்றாலும், மூன்றுக்குக் கீழே போனால் வாசகருக்கும் எழுதுபவருக்கும் வழி தவறுகிறது. அதற்கு மேல் தேவைப்படுவதைப் பட்டியலாக்குவதே நல்லது.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஹேஷ் குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம்; அதை விட்டுவிட்டால், மார்க்டவுன் கோப்புகளைக் கையாளும் குறிப்புச் செயலியான அப்சிடியன் அந்தச் சொல்லைத் தலைப்பாகக் கொள்ளாமல் குறிச்சொல்லாக எடுத்துக்கொள்ளும். தலைப்புக்கு முன் ஒரு வரி காலியாக இருக்கட்டும், ஏனெனில் பாண்டாக் போன்ற கோப்பு வடிவ மாற்றிகள் அது இல்லாவிட்டால் தலைப்பை முந்தைய பத்தியோடு சேர்த்துவிடும். பத்தியின் முதல் வரியை உள்தள்ளி எழுதும் நம் வழக்கமும் இங்கே ஆகாது: காலி வரிக்குப் பின் நான்கு இடைவெளிகளுடன் தொடங்கும் பத்தி, கணினி நிரல் துண்டாகக் கருதப்பட்டுத் தனி எழுத்துருவில் வந்து நிற்கும்.

படி 3: ஒட்டுதல்

கூகுள் டாக்ஸின் கருவிகள் பட்டியில் விருப்பத்தேர்வுகளைத் திறந்து மார்க்டவுன் வசதியை இயக்குங்கள். பிறகு ஆவணத்தில் வலது பொத்தானை அழுத்தி, மார்க்டவுனிலிருந்து ஒட்டும் தெரிவைச் சொடுக்குங்கள். சாதாரணமாக ஒட்டினால் ஹேஷ் குறிகள் அப்படியே எழுத்தாக நிற்கும். சரியாக ஒட்டியிருந்தால், இடப்புறம் உள்ள தலைப்புப் பட்டியலில் கல்லணையும் மேட்டூர் அணையும் காவிரிப் பாசனத்தின் கீழ் வரிசையாகத் தெரியும். வேர்டு வேண்டுவோர் அந்த ஆவணத்தையே வேர்டு வடிவில் பதிவிறக்கினால் தலைப்பு நிலைகள் உடன் வரும்.

வொர்க்ஃப்ளோயியிலிருந்து டைனலிஸ்டுக்கு என்பதுபோல ஒரு சட்டகச் செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவோருக்கு இத்தனை வேலை தேவையில்லை. சட்டகத்தைப் படிநிலையோடு சேமிப்பதும் இரண்டுமே ஏற்பதுமான ஓபிஎம்எல் (OPML) கோப்பு போதும்.

படி 4: திரும்ப எடுத்தல்

டாக்ஸில் திருத்திய சட்டகத்தை அப்சிடியனுக்குக் கொண்டுபோக, பதிவிறக்கப் பட்டியலில் மார்க்டவுனைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் கோப்பை முதலில் நோட்பேடில் திறந்து, வெறும் தடித்த எழுத்தால் தலைப்பு போலக் காட்டிய வரிகள் ஏதும் உள்ளனவா என்று பாருங்கள். அவை இருபுறமும் உடுக்குறிகளுடன் (**) வந்திருக்கும். அவற்றை நீக்கி, உரிய ஹேஷ் குறிகளை இட்ட பின் கோப்பை அப்சிடியன் கோப்புறைக்குள் வைத்துவிடலாம்.