நூலக வாசலில் நிழலைத் தொலைப்பது எப்படி

பங்குனி பிறந்தால் எங்கள் ஊர் கிளை நூலகத்தில் கூட்டம் குறைந்துவிடும். ஓட்டுக் கட்டடம். இரண்டே மின்விசிறி, அதில் ஒன்று காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தரும். பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள்கூட 10 மணிக்கே துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் வாசலில் நிற்கும் புங்கமரம் மட்டும் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தளிர்விட்டுப் பளபளவென்று இருக்கும். உள்ளே உட்கார முடியவில்லை என்றால் வாசலில் ஏதாவது நடத்துவோமே என்று வாசகர் வட்டத்தில் பேசினோம். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருப்பவள். வட்டத்துக்குப் பொருளாளர் நான்தான். பொருள்தான் பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் செலவே இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதுதான் நிழலில்லா நாள். உங்கள் ஊரிலும் நடத்தலாம்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சூரியன் தினமும் மத்தியானம் நம் உச்சந்தலைக்கு நேராக வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நம் ஊர்களில் வருஷத்துக்கு இரண்டே நாள்தான். அப்போது நேராக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துவிடும், அதனால்தான் நிழலில்லா நாள். டெல்லிக்காரர்களுக்கு ஒரு நாளும் வாய்க்காது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. டிசம்பர் கடைசியிலிருந்து சூரியன் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து வருகிறது. ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரிக்கு நேர் மேலே, 16 வாக்கில் மதுரை, 18 வாக்கில் தஞ்சாவூர், 24 வாக்கில் சென்னை. தெற்கே திரும்பிப் போகும்போது ஆகஸ்ட் வாக்கில் இன்னொரு முறை வரும். அப்போது மேகம் கெடுத்துவிடலாம், ஏப்ரலை நம்புங்கள்.

தேதியில்தான் நான் முதல் வருஷம் கோட்டை விட்டேன். எங்கள் ஊர் தஞ்சாவூருக்குப் பக்கம். நானோ சென்னைக்குப் போட்டிருந்த 24ஆம் தேதியைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். வெயிலில் முப்பது பிள்ளைகள். நேராக நிறுத்தி வைத்த ஒரு அடி பைப்புக்குத் தெற்கே சுண்டுவிரல் அகலத்துக்கு நிழல் ஒட்டிக்கொண்டே நின்றது. “அத்தை, இருக்கே!” என்றாள் ஒரு வாண்டு. இருக்கத்தான் செய்யும், சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய் ஆறு நாள் ஆகியிருந்தது. ஆகவே உங்கள் ஊருக்கு உரிய தேதியைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியரைப் பிடித்தால் அட்சரேகையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். முழு ஆண்டுத் தேர்வு அட்டவணையையும் அவரிடமே கேட்டுவிடுங்கள், பல வருஷம் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அனுமதிக்குப் பயப்பட வேண்டாம். கிளை நூலகரிடம் வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள், மாவட்ட நூலக அலுவலருக்கு அவரே தகவல் சொல்லிக்கொள்வார். “நாம போய் எப்படிக் கேக்கிறது” என்று தயங்குபவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கட்டும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கென்று கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948இல் வந்த நூலகச் சட்டத்தின் புண்ணியம்.

சரி, அன்றைக்கு என்ன வேண்டும்? ஒரு அடி நீளத்துக்குச் சீராக அறுத்த பிவிசி பைப், ஒரு பித்தளைச் செம்பு, வெள்ளைச் சார்ட் அட்டை, இஞ்ச் டேப், தையல் சாக்பீஸ். கொத்தனார் யாரிடமாவது ரசமட்டம் இரவல் வாங்குங்கள். தரை சரிந்திருந்தால் பைப்பும் சரியும், நிழல் போகவே போகாது. எங்கள் வாசல் சிமெண்ட் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டது, அதனால் ஒரு பலகையை வைத்து அடியில் அட்டை சொருகி மட்டம் பார்த்தோம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவருவார்கள், கால் பொரிந்துவிடும். நனைத்த சாக்கு நாலு விரித்து வையுங்கள். மண்பானைத் தண்ணீர் அவசியம். முக்கியமாக, ஒருவரும் சூரியனை அண்ணாந்து பார்க்கக் கூடாது. கண்ணெல்லாம் தரையில்தான்.

பதினொன்றரைக்கே ஆரம்பித்துவிடுங்கள். நிழல் மறைவதைவிட அது சுருங்குவதைப் பார்ப்பதுதான் ருசி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிள்ளையை அழைத்து, நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கள் பைப்புக்கு முதலில் இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல், மேற்குப் பக்கமாக. அப்புறம் ஒன்றரை, ஒன்று, அரை. உச்சி வேளை என்றால் 12 மணி என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் தஞ்சாவூரில் சூரியன் உச்சிக்கு வர 12 மணி 13 நிமிடம் ஆகும். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே தள்ளியிருக்கும் இன்னொரு தீர்க்கரேகையின் நேரத்துக்கு. அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், கதை ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கதையைச் சொல்வேன். நூலகர் ஆவதற்கு முன்னால் அவர் கணக்கு வாத்தியார்.

நேரம் வந்ததும் செம்பின் காலடியில் ஒன்றும் இருக்காது. பைப்பை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடியுங்கள். தரையில் ஒரு வளையல் மட்டும் தெரியும், நடுவில் முழு வெயில். பிள்ளைகள் குதிப்பார்கள், தங்கள் நிழல் பாதத்துக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டதா என்று பார்க்க. ஓரிரு நிமிடத்தில் கிழக்குப் பக்கம் மெல்லிசாக ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அதற்கும் புள்ளி வையுங்கள்.

அப்புறம் கலைந்து போக விட்டுவிடாதீர்கள். வானம், பூமி, கடிகாரம், திசைகாட்டி என்று எதைப் பற்றிய புத்தகம் கிடைத்தாலும் முந்தின நாளே அலமாரியிலிருந்து பொறுக்கி, புங்கமர நிழலில் பெஞ்சில் பரப்பிவைக்க வேண்டும். நூலகரும் பதிவேட்டையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்காரட்டும். உறுப்பினர் படிவம் கையோடு இருக்கட்டும்; படிவத்தில் பெரியவர் கையெழுத்து வேண்டும் என்பதால் அம்மாக்களையும் வரச் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு இந்த யோசனை மூன்றாம் வருஷம்தான் வந்தது.

மற்றபடி காலை ஆறரைக்கு நூலகத்திலிருந்து குளக்கரை வரை மரம் பார்க்கும் நடையும் உண்டு. வேம்பு பூத்திருக்கும், சரக்கொன்றை தொங்கும், குக்குறுவான் பறவை எங்கேயோ இருந்து டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதக் கற்றுக்கொடுத்தால் போதும், பிள்ளைகள் தானாக மறுவாரமும் வருவார்கள். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பைப்பை மட்டும் பத்திரப்படுத்துங்கள். எங்களுடையதை வேலைக்கு வந்த பிளம்பர் ஒருவர் கழிவுத் துண்டு என்று நினைத்து எடுத்துப்போய், யார் வீட்டுக் குழாயிலோ பொருத்திவிட்டார்.