நாய் சோறு தின்னாத அன்றே செய்ய வேண்டியவை

இலங்கையின் மலையகத்தில் நாய் இல்லாத லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, காண்பது அரிது. இரவில் சிறுத்தை இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும், மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காப்பதும், தேயிலைக் கொழுந்து எடுக்கச் செல்லும் பெண்களுக்குத் துணையாக மலை வரை நடப்பதும் அந்த நாய்கள்தான். அப்படிப்பட்ட நாய் ஒரு காலையில் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். காப்பாற்றியிருக்கக்கூடிய பல நாய்கள் அந்த ஒரு நாள் தாமதத்தில்தான் இறந்து போகின்றன.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, அந்த நாய் யாருடையது என்பதாகும். லயத்து நாய்க்குப் பத்து வீட்டார் சோறு போடுவார்கள். பத்துப் பிள்ளைகள் அதற்குப் பத்துப் பெயர் வைத்திருப்பார்கள். நோய் வந்தவுடன் அது யாருடைய நாயும் அல்ல என்று ஆகிவிடும். என் எண்ணத்தில், எந்த வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அது இரவில் படுக்கிறதோ, அந்த வீட்டாரே அதன் உரிமையாளர்கள். செலவைப் பத்து வீடுகளும் பகிர்ந்துகொள்ளலாம், பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். ஆனால் வைத்தியரிடம் தூக்கிச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதை நாய் நலமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் செவலை நாய் ஒரு வெள்ளிக்கிழமை காலை வாசல் கானில் (வடிகாலில்) சிறுநீர் கழித்தபோது அது பால் சேர்க்காத கடும் சாயத்தண்ணி நிறத்தில் இருந்ததைக் கண்டேன். சூடு பிடித்திருக்கும் என்று நினைத்து மல்லித் தண்ணீர் வைத்தேன். சனியும் ஞாயிறும் கழிந்தன; திங்கட்கிழமை போயா எனும் முழுநிலா நாள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு பிழிந்த தேங்காய்ப்பூப் போல வெளுத்திருந்தது. டவுனுக்குப் போகும் வழியில், ஆட்டோவில், என் மடியிலேயே அது இறந்தது. உண்ணி கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சலில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் நிறப்பொருள் சிறுநீரில் இறங்குகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த வெள்ளிக்கிழமை நான் கண்ட நிறமே போதுமான எச்சரிக்கையாக இருந்தது.

ஆகவே நாய் வைத்திருப்பவர் எவரும் ஈறு பார்க்கப் பழக வேண்டும். மேலுதட்டை மெல்ல உயர்த்தினால் பல்லுக்கு மேலே தெரியும் சதை நலமான நாயில் இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் ஒரு தரம் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெளுப்பு, மஞ்சள், நீலம் ஆகிய எந்த நிறம் தெரிந்தாலும் அன்றைக்கே புறப்பட வேண்டும். ஈறு இயல்பாகவே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். அடுத்து, தோள்பட்டைக்கு மேல் தோலைச் சிறிது கிள்ளித் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும். அது உடனே படியாமல் மேடாக நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். அது நம்முடையதைவிட அதிகம் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்றோ இல்லை என்றோ முடிவு செய்ய இயலாது.

வளர்ந்த நாய் ஒரு நேரச் சோறு மட்டும் தின்னாமல், ஆனால் வாலாட்டிக்கொண்டு நடமாடினால் மாலை வரை கவனித்திருக்கலாம். ஒரு முழுநாள் தின்னாவிட்டாலோ, வாந்தி இரண்டாம் முறை வந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு, வயிறு திடீரென உப்பி வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமை, பாம்புக்கடி, பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இறுகிய காயம் ஆகியவற்றில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேரும். கருத்தடை செய்யாத பெண் நாய், இணைசேரும் பருவம் கழிந்து ஓரிரு மாதங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே எதுவும் வடியாவிட்டாலும் அது உயிரைப் பறிக்கும் நோயே.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையான குட்டி சோர்ந்து, வாந்தியெடுத்து, நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல் போனால் அது பெரும்பாலும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கும். அறிகுறி தொடங்கி இரண்டு மூன்று நாட்களில் குட்டி இறந்துவிடக்கூடும். குடித்தது எதுவும் வயிற்றில் தங்காத நிலையில் வீட்டில் ஜீவனி (உப்பு-சர்க்கரைத் தூள்) கரைத்து வாயில் ஊற்றிக்கொண்டிருப்பதால் பயனில்லை; நரம்பு வழியாகச் சேலைன் ஏற்ற வேண்டும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. குட்டியின் உடல் தானாக எதிர்த்து மீளும் வரை நீரிழப்பிலிருந்து அதைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியம் என்பதால், எவ்வளவு முன்னதாகச் செல்கிறோமோ அவ்வளவு நம்பிக்கை உண்டு. நமது மலைக் குளிரில் நோயுற்ற குட்டி விரைவாக உடல் வெப்பத்தை இழக்கும். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உலர்ந்த சாக்கில் பொதிந்து கொண்டு செல்லுங்கள். அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். குட்டி இறந்த அதே இஸ்தோப்பில் மறுமாதமே தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விட்டால், அதையும் நாமே நோயிடம் ஒப்படைத்தவர்கள் ஆவோம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரமாகும் வரை போடப்படும் தடுப்பூசிகள் இதைத் தடுக்கும்.

வைத்தியரிடம் போகும்முன் வீட்டில் செய்யும் சில காரியங்கள் நோயைவிட விரைவில் கொல்லும். பனடோல் (பாரசிட்டமோல்) நமக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து. நாயின் ஈரலை அது கெடுக்கும். ஐபுபுரோபென் போன்ற நமது வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெய் ஊற்றினால் சதை வெந்துபோகும்; ஊற்றாதீர்கள். களைகொல்லியோ பூச்சிமருந்தோ தின்ற நாயின் வாயில் எண்ணெயையும் உப்புக்கரைசலையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம், உப்பே விஷமாகவும் ஆகலாம். அந்தப் போத்தலை அல்லது பையை லேபலோடு எடுத்துக்கொண்டு புறப்படுவதே சரியான முதலுதவி.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, நாயின் வாய்க்குள் கை விடுவதாகும். கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க இயலாமல் நிற்கும் நாயைப் பார்த்துத் தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கத்தோடு கை விடுகிறோம். ஆனால் அது விசர் நோயாக (ரேபிஸ்) இருக்கலாம்; அந்நோய் எப்போதும் ஓடிக் கடிக்கும் வடிவில்தான் வரும் என்பதில்லை. இவ்வாறு அமைதியாகவும் வரும். குரல் மாறியிருந்தால், பழகியவரை அடையாளம் தெரியாததுபோல் பார்த்தால், இருட்டான மூலையைத் தேடினால், பிள்ளைகளை விலக்கி, முடிந்தால் நாயை ஓர் அறையில் அடைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க வேண்டும். கடியோ, கீறலோ, காயத்தில் எச்சிலோ பட்டிருந்தால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கு விசர்நாய்க்கடி ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து மனிதரைக் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம்.

எங்கே கொண்டு செல்வது? அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கு மட்டும் என்ற எண்ணம் தோட்டங்களில் பரவலாக உண்டு. அங்கே நாய்களையும் காட்டலாம். அது வார இறுதியிலும் போயா தினத்திலும் மூடியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை காணும் நோயை வெள்ளிக்கிழமையே காட்டிவிட வேண்டும். டவுனில் உள்ள தனியார் மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணையும், நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஓர் ஆட்டோக்காரரின் எண்ணையும் இன்றே சுவரில் எழுதி வையுங்கள். அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய வைத்தியத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து அது ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மலைப்பாதை என்பதால், முதலில் அருகிலுள்ள வைத்தியரிடம் காட்டி, நாயைப் பயணத்துக்குத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போவதும், ஆட்டோக் கூலியும், மருந்தும் தோட்டத் தொழிலாளி வீட்டுக்குச் சுமைதான். ஆனால் முதல் நாளில் ஓர் ஊசியோடும் மாத்திரையோடும் முடியக்கூடியது, நான்காம் நாளில் சேலைன், இரத்தப் பரிசோதனை என்று பெருகும். லயத்தில் ஏற்கனவே சீட்டுப் பிடிப்பவர்கள், வீட்டுக்கு ஒரு சிறு தொகையாக நாய்களுக்கென்று ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கலாம்.

வலியில் உள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். துணிப்பட்டையை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடையின் கீழ் குறுக்கிட்டு, காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடுங்கள். வாந்தியெடுக்கும் நாய்க்கும் மூச்சு வாங்கும் நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது. கடைசியாக எப்போது தின்றது, எத்தனை முறை வாந்தியெடுத்தது, என்ன நிறத்தில் மலமும் சிறுநீரும் போனது, எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். வாந்தியையும் மலத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் காட்டினால் வைத்தியருக்கு அது பெரிதும் உதவும்.

வீடு திரும்பிய பின் மருந்தை இடையில் நிறுத்தக் கூடாது. உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகைக்கு டொக்சிசைக்ளின் மாத்திரை ஏறத்தாழ நான்கு வாரங்கள் கொடுக்கப்படும். நாய் ஐந்தாம் நாளே எழுந்து சோறு தின்று வாலாட்டும். அதைக் கண்டு மீதி மாத்திரைகளை அலுமாரியில் வைத்துவிட்டால், கிருமி உடலில் தங்கி மீண்டும் தலைகாட்டும். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, விழுங்கியதை உறுதி செய்து, பின்னால் சிறிது தண்ணீர் குடிக்க வையுங்கள். ஒவ்வொரு மாலையும் காதின் உட்புறத்தையும், கழுத்துப்பட்டியின் கீழையும், கால்விரல்களின் இடுக்கையும் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போதே உதட்டையும் ஒருமுறை தூக்கி ஈற்றின் நிறத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.