பன்றி போலத் தெரிந்த யானை

தாத்தாவின் 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயை 'அரிய பழங்கால நாணயம்' என்ற தலைப்பில் இணையத்தில் விற்பனைக்கு வைத்தேன். பத்து நாள்களாக ஒருவரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்தேன், படத்தை மாற்றினேன், பயனில்லை.

பிறகுதான் நாணயத்திலுள்ள மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியை உருப்பெருக்கியில் பார்த்தேன். அதிலுள்ள யானைக்குத் தும்பிக்கை குட்டை. பன்றி போலவே தெரிகிறது. நாணயம் சேகரிப்பவர்கள் தேடுவது 'பிக் ருப்பி' (Pig Rupee, பன்றி ரூபாய்) என்ற பெயரைத்தான்! 1912இல் உருவத்தைத் திருத்திவிட்டார்கள். அந்த ஆண்டு நாணயத்துக்கு இப்பெயரை இடுவது தவறு. பின்பக்கத்தில், தாமரைக்குக் கீழே ஒரு சிறு புள்ளி: பம்பாய் நாணயச்சாலையில் அச்சிட்டதற்கான அடையாளம்.

'ஐந்தாம் ஜார்ஜ், 1 ரூபாய், 1911, பம்பாய், பிக் ருப்பி' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எந்த நாணயத்துக்கும் ஒட்டக்கூடிய 'அரிய' என்ற சொல்லை நீக்கினேன். மறுநாளே மூன்று பேர் விசாரித்தார்கள். நிம்மதி.