பழைய மார்ச் பார்ட்டுகளை இன்றைய பேண்டுக்குத் தயார் செய்வது எப்படி?

நூறு வருடம் பழைய மார்ச் (அணிவகுப்பு இசை) ஒன்றின் பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித்தனி இசைத்தாள்களை, இணையத்தில் இருந்து இறக்கி, அச்செடுத்து, அப்படியே ஸ்டாண்டில் வைத்தால் என்ன ஆகும்? கார்னெட்டும் கிளாரினெட்டும் ஒழுங்காகப் போகும். ஹார்ன் வரிசை மொத்தமும் ஒரு டோன் மேலே ஏறி நிற்கும். பிக்கோலோ அரை டோன் கீழே இழுக்கும். பழைய பார்ட்டுகள் ஈ ஃபிளாட் ஹார்னுக்கும் டி ஃபிளாட் பிக்கோலோவுக்கும் எழுதியவை, இன்று கையில் இருப்பதோ எஃப் ஹார்னும் சி பிக்கோலோவும். என்ன கோளாறு என்று பார்க்க நடத்துபவர் கையில் எல்லா வாத்தியங்களையும் ஒன்றாகக் காட்டும் ஸ்கோரும் இருக்காது. அந்தக் கால மார்ச்சுகளுக்கு முழு ஸ்கோர் அச்சிடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. மார்ச்சை விடுங்கள், இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் பேண்டுக்கு எழுதிய ஈ ஃபிளாட் முதல் சூட்டே 1909-ல் எழுதப்பட்டு 1921-ல் அச்சானபோது சுருக்க ஸ்கோரோடுதான் வந்தது. முழு ஸ்கோர் 1948-ல்தான் வந்தது.

எங்கள் பேண்டுக்காகச் சில பழைய மார்ச்சுகளை இப்படிச் சரிசெய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியும், பி ஃபிளாட் டிரம்பெட்டில் சி வாசித்தால் பி ஃபிளாட் கேட்கும் என்பதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அது தெரிந்தால் போதும்.

படி 1: எங்கே எடுப்பது

ஜான் பிலிப் சூசாவின் மார்ச் வேண்டுமென்றால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். சூசா 1880 முதல் 1892 வரை நடத்திய அமெரிக்க மரைன் பேண்ட், அவருடைய மார்ச்சுகளை ஒழுங்காகத் திருத்தி, முழு ஸ்கோர், பார்ட்டுகள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. இன்றைய வாத்தியங்களுக்கு ஏற்ற பார்ட்டுகள் அவை. அதை விட்டுவிட்டு பழைய ஸ்கேனோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

மற்றவர்களின் மார்ச்சுகளுக்கு பேண்ட் மியூசிக் பிடிஎஃப் லைப்ரரி, ஐஎம்எஸ்எல்பி என்ற இரண்டு இணையதளங்கள் உண்டு. இறக்கும் முன் காப்புரிமையைப் பாருங்கள். அமெரிக்காவில் இந்தக் காலப் படைப்புகளுக்கு, வெளியான ஆண்டில் இருந்து 95 வருடம் என்று கணக்கு. பல நாடுகளில் இசையமைப்பாளர் இறந்த ஆண்டில் இருந்து 50, 60 அல்லது 70 வருடம். கார்ல் கிங்கின் 'பார்னம் அண்ட் பெய்லிஸ் ஃபேவரிட்' வெளியானது 1913. அமெரிக்காவில் அது எப்போதோ பொதுச்சொத்து. கிங் இறந்தது 1971 என்பதால், 70 வருடக் கணக்குப் போடும் நாடுகளில் 2041 முடியும்வரை அதைத் தொட முடியாது. தளத்தில் கிடைக்கிறது என்பதாலேயே உங்கள் ஊரிலும் செல்லும் என்று அர்த்தமில்லை.

படி 2: சரக்கு சரிபார்ப்பு

பிடிஎஃப்பைத் திறந்ததும் ஒரு தாளில் பார்ட்டுகளின் பெயரை எழுதுங்கள். பழைய செட்டில் இப்படியெல்லாம் வரும்: டி ஃபிளாட் பிக்கோலோ, ஈ ஃபிளாட் கிளாரினெட், சோலோ கார்னெட், 1, 2, 3-ம் கார்னெட், ஈ ஃபிளாட் ஆல்ட்டோ அல்லது ஹார்ன் நான்கு, டிரெபிள் கிளெஃப் பாரிட்டோன், டிரெபிள் கிளெஃப் ட்ரோம்போன், டிரம்ஸ். சோலோ கார்னெட் பார்ட்டைத் தனியே எடுத்து வையுங்கள். மெலடி முழுக்க அதில் இருக்கும். பேண்ட் மாஸ்டர்கள் அதை வைத்துத்தான் நடத்தினார்கள், பல செட்டில் 'கண்டக்டர்' என்ற சொல்லும் அதன் தலையிலேயே இருக்கும். நாம் உருவாக்கப் போகும் ஸ்கோருக்கு அதுதான் எலும்புக்கூடு.

படி 3: தலைப்பை நம்பாதீர்கள், கீ சிக்னேச்சரை நம்புங்கள்

மொத்த வேலையும் சொதப்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஸ்கேனில் தலைப்பு பாதி வெட்டுப்பட்டிருக்கும். ஃபைல் பெயரில் வெறும் 'ஹார்ன் 1' என்று இருக்கும். அது எஃப் ஹார்னா, ஈ ஃபிளாட் ஹார்னா? பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கீ சிக்னேச்சரை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஒரு உதாரணம். மார்ச்சின் ட்ரியோ (பின்பாதியில் வரும் பகுதி), கேட்கும் ஒலியில் ஏ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது என்று வையுங்கள். புல்லாங்குழல், பேஸ் கிளெஃப் ட்ரோம்போன், டியூபா பார்ட்டுகளில் 4 ஃபிளாட் இருக்கும். பி ஃபிளாட் வாத்தியங்களில் 2 ஃபிளாட். ஈ ஃபிளாட் வாத்தியங்களில் 1 ஃபிளாட். எஃப் ஹார்னில் 3 ஃபிளாட். டி ஃபிளாட் பிக்கோலோவில் மட்டும் 1 ஷார்ப். ஆக, ட்ரியோவில் ஹார்ன் பார்ட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட் இருந்தால் அது ஈ ஃபிளாட் ஹார்ன், மூன்று இருந்தால் எஃப் ஹார்ன். தலைப்பே இல்லாவிட்டாலும் கவலையில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. எந்தக் கீயில் உள்ள வாத்தியம் என்றுதான் இது சொல்லும், எந்த ஆக்டேவ் என்று சொல்லாது. கார்னெட், டெனர் சாக்ஸ், டிரெபிள் கிளெஃப் பாரிட்டோன் மூன்றுக்கும் அதே 2 ஃபிளாட்தான். எழுதியதைவிட கார்னெட் ஒரு டோன் கீழே ஒலிக்கும், மற்ற இரண்டும் அதற்கும் ஒரு ஆக்டேவ் கீழே. ஈ ஃபிளாட் கிளாரினெட்டும் ஆல்ட்டோ சாக்ஸும் அதே மாதிரி இரட்டையர். கிளாரினெட் மேலே போகும், சாக்ஸ் கீழே போகும். இதை மெலடியின் போக்கைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 4: மென்பொருள்

மியூஸ்ஸ்கோர். இலவசம், இந்த வேலைக்கு தாராளமாகப் போதும். டோரிகோ, சிபீலியஸ் ஏற்கெனவே கைவசம் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபினாலே பக்கம் போக வேண்டாம், 2024-ல் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஸ்கேனை நோட்டாக மாற்றித்தரும் ஆடிவெரிஸ் போன்ற கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். நல்ல சுத்தமான அச்சுக்கு சரி. ஆனால் மார்ச் அட்டையின் நெருக்கமான, மை பரவிய அச்சில் அது ஸ்டக்காட்டோ புள்ளியை டாட்டட் நோட் ஆக்கும், ஸ்லர்ரை டை ஆக்கும். அதைத் திருத்தும் நேரத்தில் கையாலேயே அடித்து முடித்துவிடலாம். மார்ச் ஒன்றும் சிம்பொனி இல்லை, ஒரு பார்ட் ஒரு பக்கம்தான்.

படி 5: நோட் அடிப்பது

முதலில், கீழே வலது ஓரத்தில் உள்ள 'கான்செர்ட் பிட்ச்' பொத்தான் (எல்லா வரியையும் கேட்கும் ஒலியிலேயே காட்டுவது) அணைந்திருக்கிறதா பாருங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது கார்னெட் பார்ட்டைப் பார்த்தபடியே அடித்தால் மொத்தமும் தவறான சுரத்தில் பதிவாகும். பொத்தானை அணைத்த பிறகுதான் அது தெரியவரும்.

இன்னொன்று முக்கியம்: ஸ்கேனில் என்ன வாத்தியமோ அதே வாத்தியத்தை மியூஸ்ஸ்கோரிலும் சேருங்கள். உங்கள் பேண்டில் எஃப் ஹார்ன்தான் இருக்கிறது என்றாலும், பார்ட் ஈ ஃபிளாட் ஹார்னுக்கு என்றால் ஈ ஃபிளாட் ஆல்ட்டோ ஹார்னாகவே அடியுங்கள். மனதில் மாற்றிக்கொண்டே அடிப்பது வேண்டாத வீரம்.

சோலோ கார்னெட்டை அடித்து, ரிபீட், முதல் முடிவு, இரண்டாம் முடிவு எல்லாம் போட்டுவிட்டு பார்களை எண்ணுங்கள். ஸ்ட்ரெயின்கள் (மார்ச்சின் பகுதிகள்) பெரும்பாலும் 16 பார், ட்ரியோ பல நேரம் 32. கணக்கு இடித்தால் அப்போதே பாருங்கள். அடுத்து டியூபா. மெலடியும் பேஸும் நின்றுவிட்டால் நடுவில் எது தவறினாலும் காது காட்டிக்கொடுக்கும். டிரம்ஸை கடைசியில் வையுங்கள். ஒரு பாரை எழுதிவிட்டு அடுத்தடுத்த பார்களில் ரிபீட் குறி மட்டும் போட்டிருப்பார்கள். அங்கேதான் ஒரு பார் கூடும் அல்லது குறையும்.

படி 6: மாற்றுவது

ஹார்னுக்கு எளிது. வாத்தியங்களைப் பட்டியலிடும் பலகையில் அந்த ஹார்னின் அமைப்பைத் திறந்து, வாத்தியத்தை மாற்றும் வசதியில் எஃப் ஹார்னைத் தேர்ந்தெடுங்கள். எழுத்தில் நோட்டுகள் ஒரு டோன் இறங்கும், 1 ஃபிளாட் இருந்த இடத்தில் 3 ஃபிளாட் வரும். கேட்கும் ஒலி மாறாது. கையால் மாற்றுபவர்களுக்கும் இதே விதிதான்: ஒரு டோன் கீழே, இரண்டு ஃபிளாட் கூட்டு.

டி ஃபிளாட் பிக்கோலோ வேறு கதை. அதைச் சாதாரண சி பிக்கோலோவாகவே அடித்துவிட்டு, பிறகு டிரான்ஸ்போஸ் செய்யுங்கள்: அரை டோன் மேலே. அந்தப் பெட்டியில் அரை டோனுக்கு இரண்டு பெயர் இருக்கும், ஆக்மென்டட் யூனிசன், மைனர் செகண்ட். இரண்டும் ஒலியில் ஒன்றுதான், எழுத்தில் இல்லை. ஜி மேஜரை மைனர் செகண்டில் ஏற்றினால் ஏ ஃபிளாட், 4 ஃபிளாட். ஆக்மென்டட் யூனிசனில் ஏற்றினால் ஜி ஷார்ப், அதாவது எட்டு ஷார்ப் உள்ள, யாரும் வாசிக்க விரும்பாத ஒரு கீ. மைனர் செகண்டையே எடுங்கள். கீ சிக்னேச்சரையும் சேர்த்து மாற்றும் பெட்டியில் டிக் போட மறக்க வேண்டாம். செட்டிலேயே சி பிக்கோலோ பார்ட் தனியாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, டி ஃபிளாட் பார்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

படி 7: கடைசி கார்டில் பரீட்சை

கான்செர்ட் பிட்ச் பொத்தானை இப்போது எரியவிட்டு, கடைசி பாருக்குப் போங்கள். ஏ ஃபிளாட்டில் முடியும் மார்ச் என்றால் எல்லா வரியிலும் ஏ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட் மூன்றில் ஒன்றுதான் நிற்க வேண்டும். ஹார்ன்களில் பி ஃபிளாட், டி, எஃப் நின்றால், ஈ ஃபிளாட் பார்ட்டை எஃப் ஹார்னாக அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிக்கோலோவில் ஜி நின்றால் படி 6 விட்டுப்போயிற்று. ஐந்து நிமிட வேலை, ஒத்திகையில் அரை மணி நேரத்தைக் காப்பாற்றும்.

பிறகு இரண்டிரண்டு பார்ட்டாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். பழைய அச்சில் அசல் பிழைகளே நிறைய உண்டு. ஒரே வரியை கார்னெட்டில் ஸ்லர்ரோடும் கிளாரினெட்டில் ஸ்லர் இல்லாமலும் போட்டிருப்பார்கள். தவறான சுரம் என்று உறுதியாகத் தெரிந்தால் திருத்துங்கள். ஸ்லர், ஆக்சென்ட் விஷயத்தில் நான் சோலோ கார்னெட் பக்கம்தான் சாய்வேன், கிளாரினெட்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 8: அச்சு

உட்கார்ந்து வாசிக்க ஏ4. நடந்துகொண்டே வாசிப்பதென்றால் வாத்தியத்தின் லயர் கிளிப்பில் நிற்கும் அட்டை வேண்டும். பழைய மார்ச் அட்டைகள் ஏறக்குறைய 7 அங்குல அகலம், 5 அங்குல உயரம். ஏ5 தாளைக் குறுக்குவாக்கில் வைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு, ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினால் போதும். ஸ்டாஃப் இடைவெளியை 1.3 மி.மீ. வரை குறைத்து, பார்ட் முழுவதையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பவரால் பக்கம் திருப்ப முடியாது. ஒரு ஏ4 அட்டையில் இரண்டு அச்சிட்டு நடுவில் வெட்டிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1

"எங்களிடம் ஹார்னே இல்லை, ஆல்ட்டோ சாக்ஸ்தான் நிறைய" என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார். உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். ஈ ஃபிளாட் ஹார்ன் பார்ட்டை எதையும் மாற்றாமல் அப்படியே ஆல்ட்டோ சாக்ஸிடம் கொடுங்கள். இரண்டும் எழுதியதைவிட ஒரே அளவு கீழே ஒலிப்பவை. டிரெபிள் கிளெஃப் பாரிட்டோன் பார்ட்டை அதேபோல டெனர் சாக்ஸிடம் கொடுக்கலாம். ஸ்டாஃபுக்குக் கீழே உள்ள பி ஃபிளாட்டையும் தாண்டி இறங்கும் நோட்டுகளை மட்டும் ஒரு ஆக்டேவ் ஏற்றிவிடுங்கள், சாக்ஸில் அதற்குக் கீழே சுரம் கிடையாது.

பின்சேர்க்கை 2

டியூபா இல்லாத பேண்டுகளில் இருந்தும் கேள்வி வந்தது. பாரிட்டோன் சாக்ஸ் இருந்தால், டியூபாவின் பேஸ் கிளெஃப் பார்ட்டை டிரெபிள் கிளெஃப் என்று பாவித்து வாசித்து, கீ சிக்னேச்சரில் மூன்று ஃபிளாட்டைக் குறைத்துக்கொண்டால் சுரப்பெயர் சரியாக வந்துவிடும். 4 ஃபிளாட் இருந்தால் 1 ஃபிளாட்டாகக் கொள்ள வேண்டும். 2 ஃபிளாட் இருந்தால் 1 ஷார்ப்.

இதைச் செய்து பார்த்தவர்களில் ஒருவர், நடுவில் வரும் தனி ஷார்ப், நேச்சுரல் எல்லாம் உதைக்கிறது என்று எழுதினார். உதைக்கத்தான் செய்யும். சாக்ஸ் கண்ணுக்கு எஃப், சி, ஜி என்று தெரியும் நோட்டுகளில் மட்டும் குறியை அரை டோன் உயர்த்திப் படிக்க வேண்டும்: ஃபிளாட் போட்டிருந்தால் நேச்சுரல், நேச்சுரல் போட்டிருந்தால் ஷார்ப். மற்ற நோட்டுகளில் குறி இருந்தபடியே இருக்கட்டும். மேடையில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் மியூஸ்ஸ்கோரில் டியூபா வரியை நகலெடுத்து பாரிட்டோன் சாக்ஸ் வரியில் ஒட்டுங்கள். ஒட்டும்போது இரண்டு வரியும் கான்செர்ட் பிட்ச்சில் இருக்கட்டும்.