ஜமக்காளத்தை ரீல்ஸில் விரிப்பது எப்படி?

பவானி, சென்னிமலை, ஊத்துக்குளி வட்டாரத்துச் சிறு வியாபாரிகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றையே: "பெரிய கம்பெனிக்காரர்கள் மாதிரி வித்தியாசமாக ஏதாவது செய்ய வேண்டும்."

அந்தப் பெரிய கம்பெனிகள் என்னதான் செய்கின்றன? கோக்க கோலா 2011இல் ஆஸ்திரேலியாவில் 150 பெயர்களைத் தன் பாட்டில்களில் அச்சடித்தது. தன் பெயரைக் கண்டவர் படம் எடுத்துப் போட்டார். கேட்பரி 2021 தீபாவளிக்கு, ஷாருக் கான் தங்கள் கடைப் பெயரைச் சொல்வதுபோன்ற விளம்பரத்தைச் சிறு கடைக்காரர்களே உருவாக்கிக்கொள்ள வழிசெய்தது. பகிர்கிறவருக்கு அதில் சொந்தப் பெருமை ஒன்று இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சூட்சுமத்தைத்தான். ஷாருக் கானை அல்ல.

பவானி ஜமக்காளக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஆனால் விசைத்தறிப் போலிகள் பாதி விலைக்கு வந்து நிற்கின்றன. "அசல் வாங்குங்கள்" என்று போஸ்டர் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டிலேயே பழைய ஜமக்காளம் எது? யார் கல்யாணத்துக்கு வாங்கியது?" என்று கேளுங்கள். பரணில் இருப்பதை இறக்கி, உதறி, படம் எடுத்து அனுப்புவார்கள். இத்தனை வருடம் உழைத்திருக்கிறது என்பதை நாம் சொல்லவே வேண்டாம். ஒரே ஒரு ஹேஷ்டேக் போதும். பரிசு, புது ஜமக்காளம்.

காலம் முக்கியம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டியல் எழுதுவது அப்போதுதான். ஆடி முதல் வாரத்தில் தொடங்குங்கள். பண்டிகைதோறும் லோகோ ஒட்டிய குத்துவிளக்குப் படம் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அதற்கு முதலாளியின் மச்சான் மட்டுமே லைக் போடுவார்.

இடையிடையே தறியைக் காட்டுங்கள். குழித்தறியில் நெசவாளர் காலைக் குழிக்குள் விட்டுத் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும். நீங்களும் தரையில் உட்காருங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா பாய்வதையும் அந்தக் குறுக்கு நூலான ஊடை இறுகுவதையும் முதல் மூன்று வினாடிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். கடைப் பெயர்ப்பலகை கடைசியில் வந்தால் போதும். தறிச்சத்தத்தை அப்படியே விடுங்கள். சினிமாப் பாட்டு சேர்த்தால் வணிகக் கணக்கில் பதிப்புரிமைச் சிக்கல் வரும். பாட்டைவிடத் தறிச்சத்தம் நன்றாகவும் இருக்கிறது. எடுப்பதற்கு முன் நெசவாளரிடம் சம்மதம் கேளுங்கள். அவர் வேலை கெடுகிற நேரத்துக்குக் கூலி கொடுங்கள்.

கோவையிலிருந்து பிரபலம் ஒருவரைப் பணம் கொடுத்து வரவழைத்தால், அது விளம்பரம் என்று பதிவிலேயே தெரிய வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல் அது.

விலை கேட்கிறவருக்கு "இன்பாக்ஸில் பாருங்கள்" என்று பதில் சொல்வதைப்போல எரிச்சலூட்டுவது வேறில்லை. அளவையும் விலையையும் பதிவிலேயே எழுதுங்கள். பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் பெயர் சொல்லிப் பதில் கொடுங்கள்.

விளம்பரப் பணத்தை முதல் நாளே கொட்ட வேண்டாம். தானாக நகர்கிற பதிவு எது என்று பார்த்து, அதற்கு மட்டும், ஈரோடு, திருப்பூர், கோவை என்று எல்லை வகுத்துச் செலவிடுங்கள். லைக்கை எண்ணாதீர்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் விசாரித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

படம் அனுப்பியவர்களிடம், அதை மீண்டும் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். தை முகூர்த்தத்துக்கு அவை மறுபடி தேவைப்படும்.