பிள்ளைகள் பேசட்டும்: பள்ளிப் பாட்காஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, தொடங்கலாம் என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி, எந்த மைக் வாங்குவது என்பதுதான். அதற்கு இப்போது அவசரமே இல்லை. ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒயர் உள்ள இயர்போன், ஒலியை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கும் ஒரு கணினி போதும். யார் பேசப் போகிறார்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்பதை யோசிக்கத்தான் நேரம் வேண்டும்.

பள்ளிப் பாட்காஸ்டுகள் பெரும்பாலும் சறுக்குவது எழுத்தில்தான். கட்டுரை நோட்டில் எழுதியதை அப்படியே மைக் முன்னால் வாசிக்க வைக்கிறோம். "ஏரிகள் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற அரிய செல்வங்களாகும்" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. அதே பிள்ளையிடம் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "ஏரியைப் பத்தி உங்க தாத்தா என்ன சொல்வாரு?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தா மதகு மேல இருந்து குதிச்சுதான் நீச்சல் கத்துக்கிட்டாராம் மிஸ். இப்ப அங்க முழங்கால் தண்ணிகூட இல்ல" என்று வரும். பாட்காஸ்டுக்கு வேண்டியது இந்தப் பேச்சுதான்.

அதனால் முழு ஸ்கிரிப்ட் எழுத வைக்காதீர்கள். அரைத் தாளில் நான்கைந்து குறிப்புகள் இருந்தால் போதும். தொடக்க வாக்கியத்தையும் முடிக்கும் வாக்கியத்தையும் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். எண்களையும் ஆண்டுகளையும் அடுக்கினால் காது வாங்காது, ஒன்றிரண்டு போதும். ஊர்ப் பேச்சு வந்தால் வரட்டும். ல, ள, ழ உச்சரிப்பை ஒத்திகையில் சொல்லிக் கொடுங்கள். பதிவு ஓடும்போது நிறுத்தித் திருத்தினால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது.

பேட்டி எடுக்கும்போதும் இதே சிக்கல் வரும். "உங்களுக்கு இந்த ஊர் பிடிக்குமா?" என்று கேட்டால் "பிடிக்கும்" என்பதோடு பேச்சு முடிந்தது. "மழை பெஞ்சா முதல்ல எந்தத் தெருவுல தண்ணி ஏறும்?" என்று கேட்டால் பாட்டி கால் மணி நேரம் பேசுவார். அவர் பேசும்போது நடுவில் "ம்ம்", "ஓ அப்படியா" என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் அசைக்கப் பழக்குங்கள். எடிட்டிங்கில் அந்த "ம்ம்"களைப் பிரித்து எடுப்பது பெரும்பாடு.

அப்புறம், ஆண்டு விழாவில் பேசும் அதே மூன்று பேரையே இதிலும் பேச வைப்பது. கூச்சமுள்ள பிள்ளையை எடிட்டிங்குக்கு என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். மேடை மாதிரி இல்லை இது. பிடிக்காவிட்டால் திரும்பப் பேசலாம். அதனால் கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எடிட்டிங்கையும் ஆசிரியரே வீட்டுக்கு எடுத்துப் போய் முடித்துவிடக் கூடாது. தன் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எதை வைப்பது, எதை வெட்டுவது என்று பிள்ளைகள் சண்டை போடும் நேரத்தில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது.

ஒலியைப் பொறுத்தவரை, காலி வகுப்பறைதான் முதல் எதிரி. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் எதிரொலிக்கும். புத்தக அலமாரிகள் நிறைந்த நூலகமோ, பாய்களும் துணிகளும் அடுக்கிய சிறிய அறையோ நல்லது. ஃபேனை நிறுத்த வேண்டும் என்பதால் வெயில் ஏறுமுன் முதல் பீரியடில் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாது. பேசத் தொடங்குமுன் பத்து விநாடி யாரும் பேசாமல் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியில் பின்னணி இரைச்சலைக் குறைக்க அந்த மௌனம்தான் மாதிரியாக உதவும். அதையும் அளவோடு செய்யுங்கள். கூடினால் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் பதிவு செய்ய வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும். போனில் உள்ள ரெக்கார்டரே போதும். முடித்த பிறகு மோனோ (ஒற்றை ஒலித்தடம்) எம்பி3-யாக, 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) அளவில் சேமித்தால் ஐந்து நிமிட எபிசோட் இரண்டரை எம்பிக்குள் அடங்கும். பெற்றோரின் டேட்டாவும் காலியாகாது.

பின்னணிக்குச் சினிமாப் பாட்டு வேண்டாம். வகுப்பில் பாடம் நடத்த 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. இணையத்தில் எல்லோருக்குமாக ஏற்றும்போது அவற்றை நம்பி இறங்க முடியாது. வகுப்பில் பறையோ கஞ்சிராவோ வாசிக்கும் பிள்ளை ஒருவராவது இருப்பார். பத்து விநாடி வாசிக்கச் சொல்லுங்கள்.

பெற்றோர் சம்மதம் வாங்காமல் இணையத்தில் ஏற்றுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முழுப் பெயர், வகுப்பு, தெரு மூன்றும் ஒரே எபிசோடில் வரக் கூடாது. வீட்டுக் கடன், அப்பாவின் குடி என்று பிள்ளை மனம் திறந்து பேசிவிட்டால், கேட்க எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அதை வெட்டிவிடுங்கள். பிறகு அந்தப் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

வெளியிலிருந்து எடுத்த பாட்காஸ்டைப் பாடத்துக்குப் பயன்படுத்தும்போது, பீரியட் முழுக்க ஓட விடுவதுதான் வழக்கமான பிழை. எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு கேள்வியை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்திப் பேசுங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகு ஸ்பீக்கரின் இடத்தை முடிவு செய்யுங்கள். காது கேட்பதில் சிரமமுள்ள பிள்ளைக்கு எழுத்துப் படி கையில் இருக்கட்டும்.

உங்கள் மாணவர்களின் முதல் எபிசோடையும் உடனே வெளியிட வேண்டாம். பக்கத்து வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தை எடிட்டிங்கில் திரும்பப் பாருங்கள்.